குழந்தை இதய அறுவை: வந்து போகும் குழுவா, ஊரிலேயே இருக்கும் ஐசியுவா?

பம்ப்ரூம்
என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழை நாடுகளுக்கு ஒரு வாரம் போய் 15 குழந்தைகளுக்கு இதய அறுவை செய்துவிட்டுத் திரும்பும் குழுக்களை நிறுத்த வேண்டும். விமானம் ஏறியதும் தியேட்டரைப் பூட்டிவிடுகிறார்கள், அடுத்த குழு வரும்வரை திறப்பதில்லை. குவாத்தமாலாவைப் பாருங்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவைப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஆல்டோ காஸ்டன்யேடா 1997இல் அங்கேயே போய்த் தங்கி, யூனிகார் என்ற இதய அறுவை மையத்தில் குழந்தைகள் பிரிவைக் கட்டினார். தங்கியதால்தான் வேர் பிடித்தது.

ஆறுசைபர்தையல்
காஸ்டன்யேடா கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? அவர் மருத்துவம் படித்ததே குவாத்தமாலாவில்தான். எத்தனை நாட்டுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார்? மற்ற இடங்களில் ஒரே குழு ஆண்டுக்கு நாலைந்து தடவை ஒரே மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. உள்ளூர் சர்ஜன் முதலில் எதிரே நின்று கைகொடுப்பார், பிறகு ஏஎஸ்டி (மேலறைகளுக்கு நடுவே ஓட்டை) மூடுவார், அப்புறம் விஎஸ்டி (கீழறைகளுக்கு நடுவே ஓட்டை), அதன்பின் ஃபாலோட் (நான்கு குறைகள் சேர்ந்த பிறவிக் கோளாறு). வெளிநாட்டு ஃபெலோஷிப்பில் இந்த ஏணி கிடைக்காது. லைசென்ஸ் இல்லாதவரைப் பல இடங்களில் வேடிக்கை பார்க்கத்தான் விடுவார்கள்.

இன்னொன்று, அங்கே வரும் நோயே வேறு. பணக்கார நாட்டில் விஎஸ்டியை ஆறு மாதத்தில் மூடிவிடுகிறார்கள். ஏழை நாட்டில் எட்டு வயதில், நுரையீரல் அழுத்தம் ஏறிய பிறகு வருகிறார்கள். முழுதாக மூடினால் வலது கீழறை தாங்காமல் போகலாம். அதற்காகத்தான், இப்படிப் பயணக் குழுக்களை நடத்தும் சர்ஜன் வில்லியம் நோவிக்கின் குழு, ஒட்டில் சிறு ஓட்டை போட்டு ஒருபக்கம் மட்டும் திறக்கும் மடல் வைத்துத் தைக்கும் முறையை 1990களில் வெளியிட்டது. பயணம் போனதால் பிறந்த அறிவு அது.

இரவுஷிஃப்ட்
ரெண்டு பேரும் தியேட்டரைப் பத்தியே பேசுறீங்க. குழந்தை சாகிறது பெரும்பாலும் தியேட்டர்ல இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியுவுல.

பம்ப்பிலிருந்து (இதய-நுரையீரல் இயந்திரத்துல இருந்து) வந்த 6 முதல் 18 மணி நேரத்துக்குள்ளதான் இதயம் தளரும். டிரெயின்ல (மார்புல வைக்கிற வடிகுழாய்) ஒரு மணி நேரத்துல கிலோவுக்கு 10 மில்லிக்கு மேல ரத்தம் வந்தா திரும்ப மார்பைத் திறக்கணும். அதைவிட ஆபத்து, நல்லா வந்துட்டிருந்த டிரெயின் சட்டுனு நின்னுபோறது. "ரத்தம் நின்னுடுச்சு"ன்னு புது நர்ஸ் நிம்மதியா எழுதி வைப்பாங்க. சிவிபி (இதயத்துக்குத் திரும்புற பெரிய சிரையோட அழுத்தம்) ஏறி, பிபி இறங்கி, துடிப்பு கூடுதான்னு பார்த்தா தெரியும்: குழாய் அடைச்சு, ரத்தம் இதயத்தைச் சுத்தித் தேங்கி நெரிக்குது. நுரையீரல் அழுத்தம் உள்ள குழந்தைக்கு 100% ஆக்சிஜனும் தூக்க மருந்தும் கொடுக்காம, சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட்டா, அந்த ஒரு சக்‌ஷன்லயே நீலமாயிடும்.

கணக்குப் போடுங்க. முதல் நாள் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ். மூணு ஷிஃப்ட், வார விடுமுறை, லீவு எல்லாம் சேர்த்தா ஒரு படுக்கைக்கு அஞ்சு பேர். நாலு படுக்கைக்கு 20 பேர். இவங்களை உருவாக்க ரெண்டு வருஷம் ஆகும். அப்புறம் ஆஸ்பத்திரி நிர்வாகம் சுழற்சி முறைன்னு பிரசவ வார்டுக்கு மாத்திடும். எந்த ஒப்பந்தத்திலயும் "ஐசியு நர்ஸை மூணு வருஷம் இடம் மாத்தக்கூடாது"ன்னு ஒரு வரி இருக்கா?

ஆறுசைபர்தையல்
சிஸ்டர், அந்த வரி இருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அறுவையே நடக்காத ஐசியுவில் நர்ஸ் எதைப் பார்த்துக் கற்பார்?

இரவுஷிஃப்ட்
நடக்கட்டும். ஒரு நாளைக்கு மூணு கேஸ் வேணாம், ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமை மூணு கேஸ் முடிச்சு சனிக்கிழமை கிளம்பினா, மார்புப் புண்ணுல கிருமி சில நாள் கழிச்சுத் தலைகாட்டும்போது யார் இருப்பாங்க? பாஸ்டன்ல இருந்து நடத்துற ஐக்யூஐசி (வளரும் நாடுகள்ல குழந்தை இதய அறுவையோட தரத்தை உயர்த்துற திட்டம்) என்ன செஞ்சுது? அறுவைக் குழு அனுப்பல. இணையவழி வகுப்பு, எல்லாருக்கும் ஒரே பதிவேடு, வருஷா வருஷம் ஒப்பீட்டு அறிக்கை. பாதுகாப்பான அறுவை நடைமுறை, தொற்றுத் தடுப்பு, குழு வேலைன்னு மூணே பாடம். 17 நாட்டுல 28 மையங்கள். இறப்பும் தொற்றும் குறைஞ்சதுன்னு 2014ல வெளியிட்டாங்க.

பம்ப்ரூம்
சிஸ்டர் என் பக்கம்தான் :)

இரவுஷிஃப்ட்
இல்ல சார். தங்கினாலும் சர்ஜன் மட்டும் தங்கி என்ன பண்றது?

வோல்ட்230
இரண்டு தரப்பும் மறந்த விஷயம் பெட்டிகள். 110 வோல்ட் நாட்டிலிருந்து வந்த ஹீட்டர்-கூலரை (அறுவையின்போது ரத்தத்தைக் குளிரவும் சூடாகவும் வைக்கும் கருவி) 230 வோல்ட் சுவரில் செருகினால் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் அது இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். நன்கொடை வென்டிலேட்டர் பலவற்றுக்குச் சுவரிலிருந்து சுமார் 4 பார் அழுத்தத்தில் ஆக்சிஜனும் காற்றும் வேண்டும். காற்று பிளான்ட் இல்லாத மருத்துவமனையில் அவை துணி மூடிக் கிடக்கும். டர்பைன் உள்ளே இருக்கும் மாடலைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு ஆக்சிஜன் மட்டும் போதும். பிளட் கேஸ் கருவியை (ரத்தத்தில் ஆக்சிஜன் போன்ற வாயு அளவைப் பார்ப்பது) இலவசமாகக் கொடுப்பார்கள், கார்ட்ரிட்ஜை வாங்குவது யார்? காலாவதித் தேதி சுங்கக் கிடங்கிலேயே தாண்டிவிடும்.

பம்ப்ரூம்
இதோடு ஆக்சிஜனேட்டரையும் (பம்ப்பில் நுரையீரலுக்குப் பதிலாக ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் பாகம்) சேருங்கள். நன்கொடையில் வருவது பெரும்பாலும் பச்சிளங்குழந்தை அளவு, நிமிடத்துக்கு 1.5 லிட்டர் தாங்கும். ஐந்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லி வைத்தால் 750 மில்லி, தாராளம். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பதோ தாமதமாக வந்த 15, 20 கிலோ பிள்ளைகள். அவர்களுக்கு அது போதாது. பட்டியலின் எடைகளைப் பார்க்காமல் கன்டெய்னர் கட்டினால் இதுதான் நடக்கும். ஒருதடவைக்கு மட்டுமான கேனுலாவை (பம்ப்பை ரத்தக் குழாயோடு இணைக்கும் குழாய்) இடிஓ வாயுவில் கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

வாதக்காய்ச்சல்
ஒரு குறுக்குக் கேள்வி. பிறவிக் கோளாறு மட்டும்தான் பேச்சா? ஆப்பிரிக்காவில் வாதக் காய்ச்சலில் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வருவது) வால்வு கெட்ட பிள்ளைகள் ஏராளம். எமர்ஜென்சி என்ற இத்தாலியத் தொண்டு அமைப்பு 2007இல் கார்ட்டூமில் திறந்த சலாம் மையம் இலவசமாக அவர்களைத்தான் அதிகம் பார்த்தது. உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்) பார்க்க ஊருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கர்ப்ப காலத்தில் அதே மருந்து சிக்கல். முடிந்தவரை வால்வைப் பழுதுபார்க்க வேண்டும், காய்ச்சல் திரும்பாமலிருக்க 3-4 வாரத்துக்கு ஒரு பென்சதீன் பென்சிலின் ஊசி தவறக்கூடாது. வந்து போகும் குழு இதில் எதைச் செய்யும்?

ஆறுசைபர்தையல்
இதில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். வால்வு மாற்றத்தைப் பயணப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. ஆனால் விஎஸ்டி, பிடிஏ (பிறந்தபின் மூடாமல் நின்ற ரத்தக் குழாய்) அப்படியல்ல. சரியாக மூடினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாழ்நாள் மருந்து கிடையாது. அவர்களை "மையம் தயாராகட்டும்" என்று மூன்று வருடம் காக்க வைத்தால் பலருடைய நுரையீரல் அறுவைக்கே லாயக்கில்லாமல் போய்விடும். சிஸ்டருடைய ஒரு நாளுக்கு ஒரு கேஸ் கணக்கில் வாரத்துக்கு ஐந்து. ஒரு வாரத்தில் செய்யும் 15 பேரில் மீதிப் பத்துப் பேருக்கு என்ன பதில்?

இரவுஷிஃப்ட்
முதல் மூணு நாள் ரெண்டு ரெண்டு போடுங்க. நாலாம் நாள் ஒரே ஒரு கேஸ், அதை உள்ளூர் குழு மட்டும் செய்யணும், வந்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், ராத்திரியும் சேர்த்து. அஞ்சாம் நாளிலிருந்து தியேட்டர் கிடையாது. குழுவுல ஒரு ஐசியு டாக்டரும் ரெண்டு நர்ஸும் மட்டும் இன்னும் பத்து நாள் இருக்கணும்.

ஆறுசைபர்தையல்
அப்போ ஏழு கேஸ். பத்து நாள் அதிகமாகத் தங்க லீவு யார் கொடுப்பார்கள்?

இரவுஷிஃப்ட்
சர்ஜனுக்குக் கொடுக்கிற மருத்துவமனை நர்ஸுக்கும் கொடுக்கட்டும்.