ட்ரைட்டனில் சேம்பிள் டோன் பெயர் வருகிறது, சத்தம் வரவில்லை

கட்டைவிரல்:
வணக்கம். பழையதாக வாங்கிய கோர்க் ட்ரைட்டன் எக்ஸ்ட்ரீம் கீபோர்டு வைத்திருக்கிறேன். நாதஸ்வரமும் உறுமியும் நானே சேம்பிள் எடுத்து (ஒலியைப் பதிவு செய்து), மூன்று ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டி டோன் செய்தேன். மீடியா பக்கத்தில் சேவ் ஆல் கொடுத்து கார்டில் போட்டாயிற்று. அப்புறம் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, டோன்கள் இருக்கும் பிசிஜி, பாட்டு இருக்கும் எஸ்என்ஜி, சேம்பிளுக்கான கேஎஸ்சி என்ற மூன்று கோப்புகளையும் பென் டிரைவுக்கு மாற்றினேன். கச்சேரிக்குத் தனியாகத் தெரியட்டும் என்று கேஎஸ்சிக்கு மட்டும் பெயரும் மாற்றினேன். இப்போது பென் டிரைவிலிருந்து லோட் செய்தால் டோன் பெயர் திரையில் வருகிறது, கட்டையை அழுத்தினால் ஊமை. கேஎஸ்சியைத் தனியாக லோட் செய்தாலும் அப்படித்தான். சனிக்கிழமை கோயிலில் வாசிக்க வேண்டும். கார்டு அழிந்துவிட்டதா, சேவ் சரியாக ஆகவில்லையா?

பழைய_ஃப்ளாப்பி:
தம்பி, கேஎஸ்சி எவ்வளவு பெரியது என்று பார்த்தீர்களா? ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். அதில் எப்படி நாதஸ்வரம் இருக்கும்? நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் பெயர்ப் பட்டியல். கல்யாண வீட்டில் சமையற்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் சீட்டு மாதிரி, சீட்டை வைத்துக்கொண்டு சாம்பார் வைக்க முடியாது. அந்தப் பட்டியல் கேஎம்பி கோப்புகளைக் காட்டும், ஒவ்வொரு கேஎம்பியும் எந்தச் சேம்பிள் எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை என்று சொல்லி கேஎஸ்எஃப் கோப்புகளைக் காட்டும். உண்மையான ஒலி கேஎஸ்எஃப்பில்தான். இதெல்லாம் கார்டில் கேஎஸ்சியின் பெயரிலேயே ஒரு ஃபோல்டராக இருந்திருக்கும், அதை நீங்கள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால் ஒன்றும் போகவில்லை. ஃபோல்டரோடு சேர்த்து எல்லாவற்றையும் அப்படியே மறுபடி எடுங்கள். கம்ப்யூட்டரில் வைத்துப் பெயர் மாற்றாதீர்கள், ஃபோல்டருக்குள் இருப்பதைத் தொடவே தொடாதீர்கள். வேறு பெயர் வேண்டுமென்றால் கீபோர்டிலேயே லோட் செய்து வேறு பெயரில் சேவ் ஆல் கொடுங்கள், அது எல்லா இணைப்பையும் தானே எழுதிக்கொள்ளும். பிசிஜியும் கேஎஸ்சியும் ஒரே பெயரில் இருந்தால்தான் பிசிஜி லோட் செய்யும்போது கேஎஸ்சியையும் கூடவே ஏற்றும் டிக் வேலை செய்யும்.

கட்டைவிரல்:
அய்யோ, ஃபோல்டர் இருந்தது அண்ணே, ஏதோ தேவையில்லாதது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். நேற்று கார்டிலிருந்தே லோட் செய்து நன்றாக வாசித்தேன், டோனை ரைட்டும் செய்தேன். கரண்ட் போய் வந்ததும் அதே டோன் ஊமையாகிவிட்டது. ரைட் செய்தால் உள்ளேயே தங்காதா?

பழைய_ஃப்ளாப்பி:
டோன் தங்கும், சேம்பிள் தங்காது. சேம்பிள் ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, அணைத்தால் காலி. ரைட் செய்த டோனில் இருப்பது "ரேமில் இத்தனையாவது மல்டிசேம்பிள்" என்ற எண் மட்டும்தான்; மல்டிசேம்பிள் என்பது கட்டைகளுக்குப் பிரித்துக் கொடுத்த சேம்பிள்களின் தொகுப்பு. ஆகவே ஒவ்வொரு முறை கீபோர்டை ஆன் செய்ததும் கேஎஸ்சியை ஏற்றியே ஆக வேண்டும். கோயில் மேடையில் ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேம்பிளைக் குறைத்து வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோ என்றால் ஒரு நொடிக்கே 96 கேபி, 16 எம்பி ரேம் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், ஸ்டீரியோ என்றால் அதில் பாதி. உறுமிக்கு ஸ்டீரியோ எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1999இல் வந்த முதல் ட்ரைட்டனில் 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இதையே செய்தோம், ஒன்றுக்குப் பதினைந்து நொடி ஒலிதான் கொள்ளும், ஒரு வில்லுப்பாட்டுக்கு ஆறு ஃப்ளாப்பி மாற்றியிருக்கிறேன்.

வெள்ளைக்கட்டை:
இன்னொன்று சேர்க்கிறேன். லோட் செய்யும்போது அப்பென்ட், கிளியர் என்று கேட்கும். கிளியர் என்றால் ரேமில் இருப்பதை அழித்துவிட்டுச் சேவ் செய்தபோது இருந்த எண்களிலேயே ஏற்றும். அப்பென்ட் என்றால் ஏற்கெனவே இருப்பதற்குப் பின்னால் போய் உட்காரும், எண் மாறும், உள்ளே ரைட் செய்து வைத்த பழைய டோன் வேறு எதையாவது வாசிக்கும். எனக்கு ஒரு முறை நாதஸ்வரம் வர வேண்டிய இடத்தில் உறுமி வந்தது, பாடகி திரும்பிப் பார்த்த பார்வை மறக்காது. ஒரே தொகுப்புதான் என்றால் கிளியர் போதும்.

இதைப் படிக்கும், கோர்க்கின் க்ரோனோஸ் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு: 2011இல் வந்த அதில் எஸ்எஸ்டி (அணைத்தாலும் அழியாத உள் சேமிப்பகம்) இருப்பதால் ஆன் செய்ததும் தானே ஏற்றிக்கொள்ளும்படி வைக்கலாம், ஆனால் அங்கும் கேஎஸ்சி வெறும் இணைப்பாக இருக்கலாம். அதை மட்டும் நண்பரின் க்ரோனோஸுக்குக் கொண்டுபோனால் இதே ஊமைதான்.

கட்டைவிரல்:
வந்துவிட்டது! ஃபோல்டரோடு எடுத்து, பழைய பெயரிலேயே வைத்து, கிளியர் கொடுத்து ஏற்றினேன். உறுமி இரண்டு பக்கமும் கேட்கிறது, நாதஸ்வரம் மட்டும் இடது பக்கம்தான். போய்ப் பார்த்தால் வலது பக்கக் கேஎம்பியை நான்தான் பெயரைத் திருத்தி வைத்திருக்கிறேன். கார்டிலிருந்து மறுபடி எடுக்கிறேன்.