அப்பம் கையில், மனம் அடுப்பில்: ஆராதனையில் கவனம் சிதறிய அனுபவங்கள்

நாசரேத் பக்கத்துக்காரர்:
சென்ற ஆண்டு எங்கள் சபையின் அசனப் பண்டிகையில், அதாவது ஆலயத்தில் பந்தி வைத்து எல்லாருக்கும் விருந்து பரிமாறும் விழாவில், சமையல் பொறுப்பு என்னிடம் இருந்தது. எத்தனை அண்டா, எத்தனை பந்தி என்பதையெல்லாம் இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆலயத்தின் பின்புறம் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனை நடந்தது. பாவ அறிக்கையை வாய் சொல்லியது. மூக்கோ சன்னல் வழியாக வந்த வாசனையிலேயே நின்றது. முழங்காலிட்டுக் கைகளை ஏந்தினேன். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அப்பத்தை உள்ளங்கையில் வைத்தபோது "ஆமென்" என்று சொல்ல வேண்டிய நான், "உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நொடி நின்று, அடுத்தவரிடம் நகர்ந்தார். அருகில் முழங்காலிட்டிருந்த என் மனைவியின் தோள் குலுங்கியது. அது சிரிப்பா, அழுகையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இயேசு வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் பேச்சைக் கேட்க உட்காராமல் பணிவிடையிலேயே பரபரத்த மார்த்தாளைப் பற்றிய பிரசங்கம் வரும்போதெல்லாம் தலை குனிந்துகொள்கிறேன்.

பாளையங்கோட்டை ஆசிரியை:
அண்ணன் மார்த்தாளைத் தம்மோடு சேர்த்துக் குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்தது அவளுடைய கவலையையும் கலக்கத்தையுமே அன்றி, சமையலை அன்று. யோவான் 12-இல் அவள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். அங்கே அவளை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய சகோதரன் லாசரு இறந்து கிடந்த நாட்களில், "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கையிட்டவளும் அவள்தான். அசனத்துக்கு உப்புப் போடுவதும் ஊழியமே.

என் கதை இதைவிட வெட்கக்கேடானது. வேதாகமத்தைக் கைப்பேசியில் வாசிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் சபையில் சங்கீதத்தை எழுந்து நின்று மாறி மாறி வாசிப்போம். 46-ஆம் சங்கீதம் போய்க்கொண்டிருந்தபோது, மின்கட்டணத்துக்கு அன்றே கடைசி நாள் என்ற செய்தி திரையின் மேலே வந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று உட்கார்ந்து ரகசிய எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று சபை முழுவதும் நின்றபடி வாசித்தது. அந்த ஆலயத்தில் அமர்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்:
எனக்கும் ஜெப நேரத்தில் பென்ஷன் கணக்குத்தான் நினைவுக்கு வரும். தங்கை கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, அச்சடித்த வேதாகமத்தை எடுத்துச் செல்லட்டும். ஆலயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்கார வேண்டும். ஓடிவந்து அமர்பவரின் மனம் முதல் பாமாலை முடியும்வரை பேருந்திலேயே இருக்கும். தனி ஜெபத்தில் ஒரு துண்டுத்தாளை அருகில் வைத்து, குறுக்கே வரும் வேலையை அதில் எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாசரேத்துத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கர்மேல் துறவிகள் மடத்தின் சமையலறையில் உழைத்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவசமூகத்தில் நிற்கப் பழகியவர். ஆகையால் வேலையை விடாமல், வேலைக்குள்ளேயே ஜெபிக்கப் பழக வேண்டும்.

நாசரேத் பக்கத்துக்காரர்:
ஐயா, அன்று நான் சமையலறையில் இல்லை, ஆலயத்தில் இருந்தேன். அதுதான் என் வருத்தம்.

தூத்துக்குடி வாசகர்:
எங்கள் வீட்டில் இரவு 9 மணிக்குக் குடும்ப ஜெபம். அன்று கடையில் 3,000 ரூபாய் கணக்கில் உதைத்தது; அதை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். ஆமென் சொன்ன பிறகும் என் ஏழு வயது மகள் கண்ணைத் திறக்கவில்லை. என்னவென்று கேட்டேன். "ஆகாரம் கேட்கிற வரியை விட்டுட்டீங்கப்பா, நான் அதை மட்டும் சொல்லிக்கிறேன்" என்றாள்.