தெருவுக்கு விட்ட பலாமரம்

குழு: பண்ருட்டி வீடு

பெரியப்பா: அம்மாவுக்கு வருஷத் திதி அடுத்த மாதம் வருகிறது. அன்றைக்கு என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கள்.

சித்தப்பா: தெருமுனையில் பெரிய பேனர், மண்டபத்தில் கறி விருந்து. செலவு என்னுடையது.

அத்தை: பேனரா? படம் எடுக்கப் போனாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள் அவள். வடலூருக்குப் பிடி அரிசி எடுத்துவைத்தவளுக்குக் கறி விருந்து வேறு!

சித்தப்பா: அம்மா மீன் குழம்பு சாப்பிடாதவளா, அக்கா? தைப்பூசத்துக்கு மட்டும்தானே சைவம்.

அத்தை: அது அவளுக்கும் வள்ளலாருக்கும் உள்ள கணக்கு. நீ நடுவில் வராதே.

தம்பி: பிடி அரிசி என்றால் என்ன?

பெரியப்பா: உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பானை நிறைந்ததும் வடலூர் தருமசாலைக்குப் போகும். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையவில்லை. அதில் நம் வீட்டு அரிசியும் வெந்திருக்கிறது. சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்தவன் நான்தான். ஒன்றைக் கவனி: நமக்கென்று அளந்து முடித்த அரிசியிலிருந்துதான் எடுப்பாள். மூட்டையிலிருந்து தனியாக எடுக்கமாட்டாள்.

நான்: அப்படியென்றால் சாப்பாடு குறையுமே?

சித்தப்பா: குறைந்தது. கடைசியில் உட்கார்கிறவன் நான், எனக்குத் தெரியும். எல்லோரும் புகழ்கிறீர்கள், ஆனால் அம்மா கொடுத்ததில் பாதி நம் தட்டிலிருந்து போனது. தீபாவளிக்கு எடுத்துவைத்த என் புதுச் சட்டை, முந்திரி உடைக்க வந்த ஒரு பெண்ணின் மகனுக்குப் போயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தை: அந்தச் சட்டையை இன்னுமா துவைத்துக்கொண்டிருக்கிறாய்?

சித்தப்பா: நீலக் கட்டம் போட்டது, அக்கா.

சித்தி: இவர் சொல்வதும் நியாயம்தான். என் மாமியார் கொடுப்பதற்கு முன் யாரையும் கேட்டதில்லை. வந்த புதிதில் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களோடு தாமும் உட்கார்ந்து, சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். எடை போடும் நேரத்தில் யாருக்குக் குறைகிறதோ, அவர் கூடையில் தாம் உடைத்த பருப்பைக் கொட்டிவிடுவார். கூலி அவர்களுக்கு.

அக்கா: எனக்குப் பலாமரம்தான் நினைவுக்கு வருகிறது. தோப்பைக் குத்தகைக்கு விடும்போது சாலையோர மரத்தை மட்டும் ஆயா சேர்க்கமாட்டார். "அது தெருவுடையது" என்று வியாபாரியிடம் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக் கொடுப்பார். கொட்டையை மட்டும் திருப்பிக் கேட்பார், குழம்புக்கு!

தம்பி: அந்த மரம் எங்கே? நான் பார்த்ததே இல்லையே.

பெரியப்பா: 'தானே' என்று பெயர் வைத்த புயலில் விழுந்தது, 2011 டிசம்பர் 30. காற்று அடங்கிப் போய்ப் பார்த்தால் தோப்புக்குள் நின்றபடியே வானம் தெரிகிறது. முந்திரியும் போயிற்று, பலாவும் போயிற்று. பலாக்கட்டைக்கு நல்ல விலை உண்டு. மிருதங்கம், வீணை செய்ய வாங்குவார்கள். ஊர் முழுக்க மரம் கிடந்ததால் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். தோப்பு மரங்களை அப்படித்தான் தள்ளிவிட்டோம். தெரு மரத்தை மட்டும் அம்மா விற்கவிடவில்லை. எதிர் வீட்டுக் கூரை பறந்திருந்தது. நிலைக்கும் கதவுக்கும் அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

சித்தப்பா: அந்த வருஷம் நம் வீட்டுக்கே கடன் இருந்தது. அதையும் எழுதுங்கள், அண்ணா.

பெரியப்பா: இருந்தது. அடைத்தவன் நீ. அதையும் எழுதிவிட்டேன்.

அத்தை: திதியன்று தருமசாலைக்கு அரிசியும் காய்கறியும் கொடுப்போம். முந்திரி உடைக்கும் பெண்களுக்குச் சேலை. பேனர் கிடையாது.

சித்தப்பா: சரி, பேனர் வேண்டாம். கறி விருந்து?

அத்தை: மறுநாள் உன் வீட்டில் வை. எல்லோரும் வருகிறோம்.

பெரியப்பா: நல்ல முடிவு. மூட்டைக்கு வண்டி பேசுங்கள், இனிச் சைக்கிள் என்னால் ஆகாது.

சித்தி: சமைக்கப்போகிறவளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த வீட்டில் யாருக்குமே அந்தப் பழக்கம் இல்லை.