ஃபேமஸ் ஃபைவ்: மகளுக்குக் கொடுக்கலாமா?

பத்து வயதில் வாடகை நூலகத்தில் எடுத்து, ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் இந்தச் சிறுவர் சாகச வரிசையில் 21 கதைகளையும் படித்தேன். நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் துப்பறியும் கதைகள். இப்போது மகளுக்காகப் புரட்டினால் உறுத்துகிறது. குகையில் தங்கினாலும் பாத்திரம் கழுவுவது சின்னப் பெண் ஆன்தான். மூத்தவன் ஜூலியன் கட்டளையிடுகிறான். ஜிப்சிகள் என்றாலே சந்தேகம். அன்று இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கொடுக்கலாமா?

பதில் 1:
கொடுங்கள், கூடவே உட்கார்ந்து படியுங்கள். "ஆன் மட்டும் ஏன் கழுவணும்?" என்று என் மகன் தானாகவே கேட்டான். அப்புறம், கதைகளில் விதவிதமாக வரும் அந்தப் பிக்னிக் சாப்பாடு! முதல் கதை 1942இல் வந்தது. போரால் பிரிட்டனில் வந்த உணவுக் கட்டுப்பாடு (ரேஷன்) 1954 வரை இருந்தது; நினைத்ததை வாங்கிச் சாப்பிட முடியாத காலம். இது தெரிந்தபின் அந்தப் பக்கங்கள் இன்னும் பிடிக்கின்றன.

பதில் 2:
அந்த நால்வரில், பையனைப் போலவே இருக்க விரும்பும் பெண் ஜார்ஜை மறக்காதீர்கள். ஜார்ஜினா என்று கூப்பிட்டால் பதிலே சொல்ல மாட்டாள். நான் வீட்டில் சண்டை போட்டு சைக்கிள் வாங்கியதே அவளால்தான்.

கேட்டவர்:
சரி, இன்றிரவே முதல் கதை. நானும் கூட உட்காருகிறேன்.