மூன்று நாள் ஆபீஸ், அங்கேயும் ஹெட்போன்

இரண்டு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்த எங்களை, வாரம் மூன்று நாள் வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டார்கள். முகம் பார்த்துப் பேசினால்தான் புது யோசனை வருமாம். சரி என்று போனேன்.

என் பழைய இடம் இல்லை. முந்தின இரவே செயலியில் பதிவு செய்தவருக்குத்தான் நாற்காலி. தடுப்பே இல்லாத நீளக் கூடம். என் டீமில் எட்டுப் பேர்; ஐந்து பேர் வேறு ஊர்களில். ஆக, அத்தனை தூரம் பயணம் செய்து போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில்தான் மீட்டிங். பக்கத்தில் விற்பனைப் பிரிவுக்காரர் வேறொரு மீட்டிங்கில் முழங்க, "பின்னால் யார் பேசுவது?" என்று மேனேஜர் மூன்று முறை கேட்டுவிட்டார். நான்காவது முறை கேட்பதற்குள் மாடிப்படிக்கு ஓடினேன். எனக்கு முன்பே அங்கே இரண்டு பேர், ஆளுக்கொரு படியில், மடியில் லேப்டாப்போடு.

எனக்குத்தான் பொறுமை இல்லையோ என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் ஹார்வர்டின் பெர்ன்ஸ்டைனும் டர்பனும் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்கள் கழுத்தில் உணரி (சென்சார்) மாட்டி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அளந்திருக்கிறார்கள். தடுப்புகளை எடுத்த பிறகு நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சலும் சாட்டும் கூடின. எல்லோர் கண்ணிலும் பட்டபடி உட்கார்ந்திருப்பவன் வாயைத் திறப்பானா? ஹெட்போன்தான் இப்போது எங்களுக்குக் கதவு.

* * *

இதைப் படித்த ஒருவர் எனக்கு எழுதியது: படிக்கட்டு எங்கள் ஆபீசிலும் நிரம்பி வழிகிறது. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் வீட்டில்தான். ஒரு சின்னச் சந்தேகத்தைக் கேட்க அரைமணி நேரம் மெசேஜை எழுதி எழுதி அழிப்பேன். ஆபீஸ் போன முதல் வாரம், சர்வர் கணினி முடங்கியபோது இரண்டு சீனியர்கள் அதன் லாகை (நடந்ததை அது குறித்துவைக்கும் பதிவை) பார்த்துச் சண்டை போட்டதைப் பின்னால் நின்று கேட்டேன். எங்கிருந்து தேடத் தொடங்கவேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. அதை எந்த மீட்டிங்கிலும் யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

* * *

அவருக்கு என் பதில்: உண்மைதான். ஆனால் அந்தச் சண்டை காதில் விழ, சண்டை போடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டுமே! அதனால் ஒரே ஊரில் இருக்கும் நாங்கள் மூவரும் செவ்வாய்க்கிழமை மட்டும் சொல்லிவைத்துச் சேர்ந்து போகிறோம். அன்று மீட்டிங் கிடையாது. மற்ற இரண்டு நாளும் வருகையைப் பதியும் பேட்ஜ் கணக்குக்கு. 2025 ஜனவரியிலிருந்து அமேசானில் ஐந்து நாளும் என்று ஆகிவிட்டது; எங்களுக்கு அது வராதவரை சரி.

போன வாரம் படிக்கட்டில் யாரோ ஒரு குஷன் போட்டு வைத்திருந்தார்கள்.