படிப்பு நம்ம கடற்கரையிலேயே வேலை கொடுத்திருக்கிறதா? பார்த்ததை எழுதுங்கள்

தொண்டிக்காரன்:
ராமநாதபுரம் கரையோரம் கல்லூரி இருக்கிறது, ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அதனால் ஊரிலேயே பிழைப்பு கிடைத்தவர்கள் யார் யார்? கேள்விப்பட்டது வேண்டாம், சொந்த அனுபவமாகச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை எங்கள் தொண்டியில்தான் இயங்குகிறது. எம்.எஸ்ஸி. அங்கேதான் முடித்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். கண்மாயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் ஒரு பயம். ஒருநாள் இடுப்பளவுத் தண்ணீரில் கடற்புல் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். வலைக்காரப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு, புல்லுக்கு நடுவே மொட்டையாக ஓடிய ஒரு கோட்டைக் காட்டினார். "ஆவுளியா மேய்ஞ்ச தடம்." கடல் பசுவைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம், அந்தத் தடத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இப்போது ஒரு இறால் பண்ணையில் வேலை. விடியுமுன் குளத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் எழுந்து அளக்கவேண்டும். சம்பளம் சென்னை அளவுக்கு வராது. வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. எனக்குக் கட்டுப்படியாகிறது.

மண்டபத்துப் பொண்ணு:
அண்ணே, எங்க வீட்டுக் கதை கடற்பாசிக் கதை. அம்மா கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் போனதிலிருந்து, தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனாலே வனத்துறையோடு வாய்த்தகராறுதான்.

வளர்ப்புப் பாசி வந்தது அப்புறம். மண்டபத்தில் இருக்கிற உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் அதை இங்கே வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மகளிர் குழுக்களுக்குப் பழக்கிக் கொடுத்தது. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் கயிறு, கயிற்றில் துண்டு துண்டாக விதைப்பாசி. 45 நாளில் அறுக்கலாம். வெயில் காலத்தில் மட்டும் நுனி வெள்ளையாகி முறிந்துபோகும், ஐஸ் நோய் என்பார்கள். பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் அம்மா, "தண்ணி சுட்டா கயிறைப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். ஏன் அப்படி என்று அம்மாவுக்குச் சொன்னது அந்தப் பிள்ளைகள்: சூட்டில் பாசி நலிந்ததும் கிருமி உள்ளே போய்விடுமாம். இரண்டும் சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும்.

நான் பி.எஸ்ஸி. படித்தேன். குழுக் கணக்கு, வங்கிக் கடன் விண்ணப்பம், வியாபாரியிடம் ஈரப்பதத் தகராறு எல்லாம் இப்போது என் பொறுப்பு. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் வளர்க்கிற இந்தப் பாசி வெளிநாட்டு இனம். குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் அது படர்ந்திருப்பதை 2008-இல் எழுதியவர்கள் மதுரையிலிருந்து வந்த ஆய்வாளர்கள். எங்கள் குழுவில் பலருக்கு அவர்கள் மேல் கோபம். எனக்கு இல்லை. வளர்க்கச் சொல்லித்தர ஒருத்தர் வேண்டுமென்றால், கெடுதலைச் சொல்லவும் ஒருத்தர் வேண்டும்தானே.

தங்கச்சிமடம் மச்சான்:
நம்ம பக்கம் கூண்டு மீன், அதாவது கடலில் கூண்டு மிதக்கவிட்டு அதற்குள் மீன் வளர்ப்பது. 2010-இல் மண்டபம் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையத்தில் கடல் விராலை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள், நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. என் மைத்துனன் அங்கே பயிற்சி எடுத்தவன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் உட்கார்ந்திருக்க, இவனுக்குக் கூண்டில் வேலை ஓடும். வலையில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவதுதான் பெரும்பாடு, கை ரணமாகிவிடும்.

கீழக்கரை மெக்கானிக்கல்:
எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். நான் இங்கேயே ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன், பெயர் வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் கார் எஞ்சினை வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். படகு எஞ்சின் ஒன்றுகூட இல்லை. ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர் எப்படி ஓடுகிறது என்று யாரும் கூட்டிப்போய்க் காட்டவும் இல்லை. நடந்துபோகிற தூரத்தில் எல்லாம் இருந்தது! பாம்பனில் உப்புத்தண்ணீர் தின்ற எஞ்சினைச் சரிபார்ப்பவர் எட்டாம் வகுப்பு படித்த அண்ணன். அவரிடம் படகுகள் வரிசையில் நிற்கின்றன. நான் துபாயில் ஏசி பார்க்கிறேன். எங்களைத் தயார் செய்தது வேறு ஊருக்கு.

தொண்டிக்காரன்:
காக்கா (கீழக்கரையில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), மறுக்க முடியாது. நம்ம மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்கா என்று 2023-இல் அடிக்கல் போட்டார்கள். அதில் மெஷின் ஓட்டவும் உலர்த்தவும் பரிசோதிக்கவும் ஆள் வேண்டும். நம்ம மாவட்டக் கல்லூரிகள் அதற்கென்று ஒரு சின்ன டிப்ளமோவாவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அந்த வேலைக்கும் வெளியூர் ஆள்தான் வருவார்.

மண்டபத்துப் பொண்ணு:
காக்கா, லீவில் வந்தால் எங்கள் குழுவுக்கு ஒரு உலர்த்தி செய்து கொடுங்கள். மழை பெய்தால் மணலில் காயப்போட்ட பாசி வீணாகிறது. நிஜமாகவே கேட்கிறேன்.

ஏர்வாடி அக்கா:
என் தங்கச்சி மகள் பிளஸ் டூ, உயிரியல் எடுத்திருக்கிறாள். மீன்வளம் படிக்க ஆசை. எங்கே விண்ணப்பிக்க?

தங்கச்சிமடம் மச்சான்:
அக்கா, பி.எஃப்.எஸ்ஸி. என்று கேளுங்கள், மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு, நாலு வருஷம். நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள், இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் தேடாதீர்கள். தூத்துக்குடிக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது, நமக்குப் பக்கம். மீனவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு, அதற்கான சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் போனால் அலைய விடுவார்கள்.