குவேக் லைவ் டூயல்: குறி விழுது, ஆனா மேட்ச் கைக்கு வரல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சுவர்க்கோழி:

வணக்கம். குவேக் லைவ்ங்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுறேன். ஃப்ரீ ஃபார் ஆல்ல (எல்லாரும் எல்லாரையும் சுடுற ஆட்டம்) பெரும்பாலும் முதல் மூணு இடத்துக்குள்ள முடிக்கிறேன். லைட்னிங் கன் (மின்னல் பாய்ச்சுற துப்பாக்கி) அக்யூரசி, அதாவது குறி படுற விகிதம், 35 சதவீதம். ஆனா டூயல், அதாவது ஒத்தைக்கு ஒத்தைன்னு வந்தா 3-18, 2-21னு முடியுது. எதிராளியோட அக்யூரசி என்னோடதை விடக் கம்மியா இருக்கிற மேட்ச்லயும் இப்படித்தான். முதல் ஃபிராக் (ஆளைக் கொன்னா கிடைக்கிற புள்ளி) அவனுக்குப் போனதும் எழுந்திருக்கவே முடியல. ஸ்பான் ஆகி, அதாவது செத்ததும் திரும்ப உயிரோட வந்து, ஒரு துப்பாக்கிகிட்ட போறதுக்குள்ள ராக்கெட் காலடியில வெடிக்குது.

ஐட்டம் டைமிங் (எடுத்த ஆர்மர், ஹெல்த் எல்லாம் திரும்ப எப்ப வரும்னு கணக்கு வைக்கிறது) பழகுன்னு எல்லாரும் சொல்றாங்க. சண்டைக்கு நடுவுல அந்தக் கணக்கை எப்படி வச்சுக்கிறது? ஸ்ட்ரேஃப் ஜம்ப் (சாய்வா குதிச்சுக் குதிச்சு வேகம் ஏத்துறது) பண்ணாலும் வேகம் 400ஐத் தாண்ட மாட்டேங்குது, எங்க தப்பு? அப்புறம், பெரிய வீரர்களோட மேட்ச் பார்த்தா யார் ஏன் ஜெயிக்கிறாங்கன்னு பிடிபடல. திரையில எதைப் பார்க்கணும்?

மெகா35:

உங்க குறியில கோளாறு இல்ல. எதிராளி ஹெல்த்தும் ஆர்மரும் (கவசம்) சேர்த்து 400ஓட நிக்கிறான், நீங்க 125ஓட போய் மோதுறீங்க. அதை எண்ணாவே பார்த்துடலாம்.

ஸ்பான் ஆகும்போது ஹெல்த் 125, ஆர்மர் பூஜ்யம். 100க்கு மேல இருக்கிறது நொடிக்கு ஒண்ணுன்னு கரையும். ரெட் ஆர்மர் 100, யெல்லோ 50, மெகா ஹெல்த் 100. ஹெல்த்துக்கும் ஆர்மருக்கும் உச்சம் 200. வர்ற அடியில மூணுல ரெண்டு பங்கை ஆர்மர் வாங்கிக்கும். 200/200ல இருக்கிற ஆளுக்கு ராக்கெட் நேரடியா நாலு படணும். ரெயில் கன் ஒரு குண்டுக்கு 80, அதனால அஞ்சு. ரெண்டு ரெயில் குண்டுக்கு நடுவுல 1.5 நொடி இருக்கு, ஒண்ணு கூடத் தவறாம சுட்டாலும் 6 நொடி ஆகும். லைட்னிங் முழுசா பட்டா நொடிக்கு 120. உங்க 35 சதவீதத்துக்கு அது 42தான். 400ஐ இறக்க ஒன்பதரை நொடி வேணும். எதிராளி வெறும் 30 சதவீதம் அடிச்சாலும் உங்க 125 மூணரை நொடியில தீர்ந்துடும். உங்களை விடக் குறி மோசமான ஆள்கிட்ட தோக்கிறதுக்கு இதுதான் காரணம்.

டைமிங்குக்கு வருவோம். ரெட்டும் யெல்லோவும் எடுத்த 25வது நொடியில திரும்ப வரும், மெகா 35வது நொடியில. தலைக்குள்ள 25, 35னு கூட்டாதீங்க, சண்டையில அது ஓடாது. நிமிஷத்தையும் விட்டுடுங்க, நொடி மட்டும் போதும். அரை நிமிஷம் தள்ளுங்க. ரெட்டுன்னா அதுல 5 குறைங்க, மெகான்னா 5 கூட்டுங்க. ரெட்டை 12ல எடுத்தா 42, அஞ்சு போக 37. மெகாவை 48ல எடுத்தா 18, அஞ்சு சேர்த்து 23. கடிகாரம் ஏறுமுகமா ஓடற மாதிரி செட்டிங்ல மாத்தி வைங்க.

எடுத்த நொடியிலேயே கண்ணு கடிகாரத்துக்குப் போகணும், வாய் "ரெட் முப்பத்தேழு"ன்னு சத்தமா சொல்லணும். எண்ணை மறந்துட்டேன்னு சொல்ற முக்கால்வாசிப் பேர் எடுக்கும்போது கடிகாரத்தையே பார்த்திருக்க மாட்டாங்க. பழக, ஆளே இல்லாத மேப்ல தனியா 10 நிமிஷம் ஓடுங்க, ரெட்டும் மெகாவும் மட்டும். ரெட் 24 தடவைக்குக் கிட்ட, மெகா 17 தடவைக்குக் கிட்ட எடுக்க முடியும். 20க்கும் 14க்கும் கீழ போச்சுன்னா பாதையை இன்னும் யோசிக்கணும்.

அடுத்து, நிறைய பேர் விட்டுடுற இடம். கணக்குக்காக ரெண்டையும் 2:10ல எடுத்ததா வச்சுக்கங்க. ரெட் 2:35, 3:00, 3:25, 3:50ன்னு வரும். மெகா 2:45, 3:20, 3:55. முதல்ல 10 நொடி இடைவெளி, தாராளமா ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணுக்கு ஓடலாம். ஆனா 3:20க்கு மெகா, 3:25க்கு ரெட். ரெண்டும் மேப்போட ரெண்டு கோடியில இருந்தா அஞ்சு நொடியில போய்ச் சேர முடியாது. கன்ட்ரோல் வச்சிருக்கிற, அதாவது பெரிய ஐட்டத்தையெல்லாம் தானே எடுத்துக்கிட்டிருக்கிற ஆளுக்கு ஆபத்தான நேரம் அது, உங்களுக்கு வாய்ப்பு. இது தெரிஞ்ச வீரர் 3:00 ரெட்டை வேணும்னே பத்து நொடி தாமதமா எடுப்பார். அப்ப அடுத்த ரெட் 3:35க்குத் தள்ளிப் போகும், மெகாவுக்கும் ரெட்டுக்கும் நடுவுல 15 நொடி கிடைக்கும். பக்கத்துல எதிராளி இல்லைன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் இப்படித் தாமதிக்கணும்.

ஐட்டம் வர்றதுக்கு 4, 5 நொடி முன்னாடியே அங்க இருங்க. அது மேலயே நிக்காம, உள்ள வர்ற வாசல் தெரியுற இடத்துல.

காற்றில்_நடப்பவன்:

ஸ்ட்ரேஃப் ஜம்ப் பத்தி மட்டும் சொல்றேன்.

தரையில ஓட்டம் நொடிக்கு 320 யூனிட் (விளையாட்டோட நீள அளவு). எஞ்சின் அந்த வரம்பை மொத்த வேகத்துக்குப் போடுறதில்லை. நீங்க அழுத்துற திசையில எவ்வளவு வேகம் இருக்குன்னு மட்டும் பார்க்குது. போற திசைக்குச் சாய்வா அழுத்தினா அந்தத் திசையில இன்னும் 320 வரலைன்னு நினைச்சு, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கிட்டே போகும். மவுஸை வளைக்கிறது அதுக்குத்தான்.

முதல்ல சர்க்கிள் ஜம்ப். போக வேண்டிய திசைக்கு இடது பக்கமா ஏறக்குறைய 60 டிகிரி திரும்பி நில்லுங்க. டபிள்யூவும் (முன்னாடி) டியும் (வலது) சேர்த்து அழுத்திக்கிட்டே மவுஸை வலது பக்கம் வீசுங்க. குறி போகிற திசையை நெருங்கும்போது குதிங்க. இது ஒண்ணு சரியா வந்தாலே 400 தாண்டிடும், உங்களுக்குத் தாண்டலைன்னா இங்கதான் பாதி தப்பு. காத்துல இருக்கும்போது ரெண்டு விசையும் விடாம, மவுஸ் மெதுவா வலது பக்கமே வளையணும். கால் தரையைத் தொடுற அதே நேரத்துல அடுத்த குதி, அதோட டியை விட்டு ஏ (இடது), மவுஸ் இடது பக்கம்.

இதுல கெடுறது மூணு விதம். காத்துல டபிள்யூவை விட்டுடுறது. தரையிறங்குறதுக்கு முன்னாடியே ஏ, டி மாத்துறது. அப்ப வளைவு உடைஞ்சு வேகம் தேங்கிடும். மூணாவது, வேகம் கூடக்கூட மவுஸையும் பெருசா வளைக்கிறது. நடக்க வேண்டியது இதுக்கு நேர் எதிர்: வேகம் ஏறினா வளைவு சின்னதாகணும். தரையில ஒரு கணம் கூடுதலா நின்னாலும் உராய்வு வேகத்தைத் தின்னுடும். வேகத்தைக் காட்டுற எண்ணைத் திரையில வச்சு, நீளமான ஒரே வழியில தினம் பதினஞ்சு நிமிஷம் போய்ட்டு வாங்க. அஞ்சாறு குதியில 500 வரணும்.

ஒவ்வொரு குதிக்கும் எழும்புற சத்தம் எதிராளிக்குக் கேட்கும்ங்கிறதையும் மறக்காதீங்க. ஐட்டம் பக்கத்துல பதுங்கும்போது நடை விசைதான்.

சுவர்க்கோழி:

ரெண்டு பேருக்கும் நன்றி. 9.5க்கு 3.5ங்கிற கணக்கைப் பார்த்ததும் பல மேட்ச் புரிஞ்சிடுச்சு. ஒரு சந்தேகம். ஐட்டத்தை நான் எடுத்தா நேரம் தெரியும். அவன் எடுத்தா? அவன்கிட்ட எல்லாம் இருக்கும்போது நான் என்னதான் செய்யறது?

நீலப்பொறி:

காதால டைம் பண்ணணும். ரெட்டுக்கும் மெகாவுக்கும் எடுக்கிற சத்தம் தனித்தனி. தனியா ஓடும்போதே ரெண்டையும் மாறி மாறி எடுத்துக் காதுல பதிய வைங்க. அந்தச் சத்தம் தூரத்துல கேட்ட உடனே கடிகாரம் பாருங்க, அதே அரை நிமிஷக் கணக்கு. ஹெட்ஃபோன் இல்லாம டூயல் ஆடுறது பாதி தகவலைக் கீழ கொட்டுற மாதிரி. ஆள் சும்மா நின்னாலும் கையில ரெயில் இருந்தா அது ரீங்கரிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ரீங்காரம் கேட்டா நீளமான வழியில தலையை நீட்டாதீங்க.

சத்தம் கேட்கிற தூரத்துல நீங்க இல்லைன்னா, ஐட்டம் இருக்கா இல்லையான்னு போய் எட்டிப் பாருங்க. இல்லைங்கிறதும் தகவல்தான். ரெட் இல்ல, 20 நொடி முன்னாடி நீங்களே அங்க பார்த்தீங்கன்னா, அது இப்பலிருந்து 5 முதல் 25 நொடிக்குள்ள வரும்.

இப்ப ஸ்பான். உங்க காலடியில ராக்கெட் வர்றது தற்செயல் இல்ல. செத்தவரை, செத்த இடத்துலிருந்து தூரமா இருக்கிற ஸ்பான் இடங்கள்ல ஒண்ணுலதான் குவேக் லைவுக்கு அடிப்படையான குவேக் 3 எழுப்பும். ஒரு மேப்ல அப்படிப்பட்ட இடம் சிலதுதான் இருக்கும். எதிராளி அதை நோக்கி முன்கூட்டியே குதிச்சு வர்றான். அதனால பக்கத்துல இருக்கிற துப்பாக்கிக்கு எப்பவும் ஒரே பாதையில ஓடாதீங்க. மெஷின் கன்னை வச்சு சுட்டு இடத்தைக் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம், ஒரு குண்டுக்கு 5தான். முதல் வேலை ஒரு நல்ல துப்பாக்கி, ரெண்டாவது யெல்லோ, வழியில கிடைக்கிற சின்ன ஆர்மர் துண்டுகள். துப்பாக்கி எடுத்த இடத்துல 5 நொடியில திரும்ப வந்துடும், அதனால அது இல்லாம இருந்தா ஓடிடாம ஒரு மூலையில காத்திருக்கலாம்.

கன்ட்ரோல் இல்லாதப்ப நேருக்கு நேர் நிக்க வேண்டாம். மெகா35 சொன்ன அஞ்சு நொடி மோதல் நேரத்துக்குக் காத்திருங்க. அவன் மெகா பக்கம் போற சத்தம் கேட்டா நீங்க ரெட் பக்கம். ஒண்ணை முழுசா விட்டுக் கொடுத்து இன்னொண்ணை எடுக்கிறது நல்ல பேரம். ரெண்டுக்கும் ஆசைப்பட்டா ரெண்டும் போகும். ரெயில் இருந்தா தூரத்துலிருந்து ஒண்ணு அடிச்சுட்டு மறைஞ்சிடுங்க. அப்படி ரெண்டு பட்டா 160; அவன் அடுத்து எடுக்கிற ரெட் பழைய நிலைக்குக் கூட வராது. குடுத்த சேதத்தை எண்ணா காட்டுற வசதி விளையாட்டுலேயே இருக்கு, போட்டுக்கங்க. "அவன்கிட்ட இப்ப எவ்வளவு மிச்சம்"னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருந்தா எப்ப பாயணும்னு தெரியும்.

ராக்கெட் பத்தியும் ஒண்ணு. குண்டு நொடிக்கு 1000 யூனிட் போகும். 500 யூனிட் தள்ளி இருக்கிற ஆளை அடையறதுக்குள்ள அவர் சும்மா ஓடினாலே 160 யூனிட் நகர்ந்திருப்பார். உடம்பைப் பார்த்து அடிக்காம, இறங்கப் போற தரையைப் பார்த்து அடிங்க. வெடிப்போட வீச்சு 120 யூனிட். குதிச்ச ஆள் காத்துல திசை மாத்த பெருசா வழியில்ல, விழுற இடம் முன்னாடியே முடிவாயிடுது.

பார்வையாளர்_இருக்கை:

மேட்ச் பார்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஃபிராக் எண்ணிக்கையை மறைத்துவிட்டுப் பாருங்கள். இருவரின் ஹெல்த், ஆர்மர் எண்கள் மட்டும் கண்ணில் இருக்கட்டும். நேரடி ஒளிபரப்பில் அடுத்த ரெட், மெகா எப்போது என்பதையும் பெரும்பாலும் காட்டுவார்கள். ஐட்டம் வர 10 நொடி இருக்கும்போது நிறுத்துங்கள். யார் எடுப்பார், எந்த வாசல் வழியாக வருவார், மற்றவர் அப்போது எங்கே இருப்பார் என்று எழுதுங்கள். பிறகு ஓடவிடுங்கள். ஒரு மேட்ச்சில் இருபது முறை செய்தால், தவறாகக் கணித்த இடங்கள்தான் உங்கள் பாடம்.

ஒரே மேட்ச்சை மூன்று முறை பார்க்கலாம். முதலில் வர்ணனையோடு. அடுத்து வென்றவரின் கண் வழியாக. மூன்றாவதாகத் தோற்றவரின் கண் வழியாக, இதுதான் அதிகம் கற்றுத்தரும். எந்த நொடியில் அவர் ஐட்டத்தை விட்டார், கடைசி மோதலுக்கு முன் எத்தனை நொடி சும்மா நின்றார் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். டெமோ (விளையாட்டுக்குள்ளேயே ஓடவிடும் ஆட்டப் பதிவு) கிடைத்தால் வீடியோவை விட அது மேல், பார்வையை மாற்றிக்கொள்ளலாம்.

யாரைப் பார்ப்பது? ராஃபா என்கிற ஷேன் ஹென்ட்ரிக்சனின் பழைய குவேக் லைவ் டூயல்களில் தொடங்குங்கள். ஸ்டாக் (கையில் உள்ள ஹெல்த், ஆர்மர்) குறைவாக இருக்கும்போது அவர் சண்டையைத் தவிர்க்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு சைஃபர், அதாவது அலெக்சி யானுஷெவ்ஸ்கி. குறியால் அழுத்தம் கொடுத்து எதிராளியை ஐட்டத்தை விட்டு விரட்டுவது எப்படி என்று அவரிடம் பார்க்கலாம். இருவரும் ஆடிய மேட்ச்சாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். புதிய போட்டிகளுக்கு 1996 முதல் நடக்கும் குவேக்கான் விழா நல்ல தொடக்கம். குவேக் சாம்பியன்ஸ் (பிறகு வந்த குவேக் விளையாட்டு) ஆட்டங்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வீரர் தேர்ந்தெடுக்கும் சாம்பியனைப் பொறுத்து தொடக்க ஹெல்த்தும் ஆர்மரும் மாறும், தனித்திறனும் உண்டு. மெகா35 போட்ட 125, 25, 35 கணக்கை அதன் மீது அப்படியே பொருத்தக் கூடாது.

கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஒரு ஸ்கோர் போதும். 1997இல், குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் ஃபெராரியைப் பரிசாக வைத்து, குவேக் வரிசையின் முதல் விளையாட்டில் நடந்த போட்டியின் இறுதியில், த்ரெஷ் என்கிற டென்னிஸ் ஃபாங் 14க்கு மைனஸ் 1 என்று வென்றார்.

சுவர்க்கோழி:

இன்னிக்கே தனியா 10 நிமிஷம் ஓடிப் பார்த்தேன். ரெட் 17, மெகா 11. மெகாவை எடுத்துட்டு ரெட்டுக்குப் போற வழியில தேவையில்லாத யெல்லோவுக்கு வளைஞ்சு போறதுதான் நேரத்தைத் தின்னுது.

மெகா35:

வளைஞ்சு போறது தப்பில்ல, போற வேகம் போதலை. அதே பாதையைக் காற்றில்_நடப்பவன் சொன்ன குதியோட ஓடி, வளைவுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு அளந்து பாருங்க. மூணு நொடிக்குள்ள இருந்தா யெல்லோவை விடாதீங்க. எதிராளிக்கு அந்த 50 போகாம இருக்கும்.